சொந்த மைதானத்துல வெள்ளையா கலரா? காலேஜ் ஃபுட்பால் ஜெர்சி விதிகள், மரபு, எரிச்சல்கள்

பேயூ_ஊதா

ஒவ்வொரு செப்டம்பரும் எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி) ரசிகர்கள் நடுவுல இதே பஞ்சாயத்துதான். சொந்த மைதானம் டைகர் ஸ்டேடியம்னா வெள்ளை ஜெர்சி, அதுதான் மரபு. அப்புறம் ஏன் சில ஹோம் ஆட்டத்துக்கு ஊதா? "அமெரிக்கக் காலேஜ் விளையாட்டுக்கு விதி போடற என்.சி.ஏ.ஏ. விடமாட்டேங்குது"ன்னு ஒருத்தர், "எல்லாம் நைக்கி பண்ற வேலை"ன்னு இன்னொருத்தர். விதியில என்னதான் இருக்கு? கடைசி முடிவு யார் கையில? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. "மரபு வாழ்க" கோஷம் மட்டும் வேண்டாம், அது போதும் போதும்னு கேட்டாச்சு.

வரிச்சட்டை

நிறம் சம்பந்தமா விதிப்புத்தகத்துல இருக்கறது ரொம்பக் கொஞ்சம்தான். ரெண்டு அணி ஜெர்சியும் ஒண்ணுக்கொண்ணு பளிச்சுனு வேறுபடணும். வழக்கமா விசிட்டிங் டீம் வெள்ளை போடும். ஹோம் டீம் வெள்ளை போடணும்னு நினைச்சா ரெண்டு பக்கமும் முன்கூட்டியே எழுத்துல ஒத்துக்கணும். ரெண்டு பேரும் கலர் போட ஆசைப்பட்டா அதுக்கும் எழுத்துல சம்மதம் வேணும், கூடவே ஹோம் டீமோட கான்ஃபரன்ஸ் (அந்த அணி ஆடற லீக்) "இந்த ரெண்டு நிறமும் குழப்பாது"ன்னு உறுதி சொல்லணும்.

சம்மதம் இல்லாம விசிட்டிங் டீம் கலர்ல வந்து நின்னா அது நன்னடத்தையை மீறின குற்றம், அபராதம் 15 யார்டு. கிக்ஆஃப் (ஆட்டத்தைத் தொடங்கற உதை) முடிஞ்சு பந்து நிக்கற இடத்துலருந்து கழிப்பாங்க. ரெண்டாவது பாதி கிக்ஆஃப்லயும் அதே ஜெர்சின்னா மறுபடி ஒரு 15.

ஆக எல்.எஸ்.யூ. ஊதா போடறதை என்.சி.ஏ.ஏ. தலையில கட்ட முடியாது. பொதுவா அவங்க பழக்கம் இதுதான்: சீசனோட முதல் ஹோம் ஆட்டத்துக்கும் அவங்க கான்ஃபரன்ஸான எஸ்.இ.சி. ஹோம் ஆட்டங்களுக்கும் வெள்ளை, மத்த ஹோம் ஆட்டங்களுக்கு ஊதா. அது பள்ளியே வச்சுக்கிட்ட பழக்கம், விதி இல்லை.

மூன்றாம்_காலாண்டு

ஆனா என்.சி.ஏ.ஏ. மேல அந்தக் கோபம் சும்மா வந்ததில்லை. பழைய கணக்கு ஒண்ணு இருக்கு.

எல்.எஸ்.யூ.வுக்கு பால் டீட்ஸல் கோச்சா இருந்த 1958ல சொந்த மைதானத்துல வெள்ளை போட்டு தேசியப் பட்டம் அடிச்சாங்க. அதுக்கப்புறம் அதை மாத்த யாருக்கு மனசு வரும்? 1983ல ஹோம் டீம் கலர்தான் போடணும்னு என்.சி.ஏ.ஏ. விதி கொண்டுவந்துச்சு. 1994 சீசன் வரைக்கும் எல்.எஸ்.யூ. இருக்கற பேட்டன் ரூஜ்ல ஊதாதான். ஜெரி டினார்டோ கோச்சா வந்ததும் விதிக்குழு உறுப்பினர்கள்கிட்ட நேரடியா வாதாடினார். 1995ல விதி தளர்ந்துச்சு, ஆனா ஒரு கொக்கியோட: விசிட்டிங் டீம் சம்மதிக்கணும். அந்த வருஷம் வெள்ளை திரும்பி வந்த ராத்திரி ஆபர்னை 12-6னு ஜெயிச்சாங்க.

1996ல வான்டர்பில்ட் "முடியாது"ன்னுட்டாங்க. டினார்டோ எல்.எஸ்.யூ.வுக்கு வந்ததே வான்டர்பில்ட்லருந்துதான்ங்கறதை இங்க ஞாபகம் வச்சுக்கணும். எல்.எஸ்.யூ. அதுக்காக ஊதாவுக்கு இறங்கி வரலை. தங்க நிறத்துல ஜெர்சி போட்டு ஆடினாங்க. விதிப்படி கலர் ஜெர்சி, ரசிகர் கண்ணுக்கு "ஊதா இல்லை". எனக்குத் தெரிஞ்சு ஜெர்சி விதிக்கு யாரும் கொடுத்த ஆகச் சிறந்த பதில் அதுதான்.

கரிநிறம்

சம்மதக் கடிதம், கான்ஃபரன்ஸ் உறுதிமொழி... சட்டை மாத்தறதுக்கு பத்திரப்பதிவு ஆபீஸ் போற மாதிரி இருக்கே. சரி, லாஸ் ஏஞ்சலஸ் யுனிவர்சிட்டிகளான யூ.எஸ்.சி.யும் யூ.சி.எல்.ஏ.வும் வருஷா வருஷம் சிவப்பும் நீலமுமா ஆடறாங்களே, அது எப்படி?

மூன்றாம்_காலாண்டு

அதுக்கு ஒரு டைம்அவுட் (அணி கேட்டு வாங்கற இடைவேளை) செலவாச்சு. ரெண்டு அணிக்கும் லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியம்தான் சொந்த மைதானம்னு இருந்த காலத்துல ரெண்டு பேரும் கலர்லயே ஆடினாங்க. 1982ல யூ.சி.எல்.ஏ. ரோஸ் பவுல் ஸ்டேடியத்துக்குக் குடிபோனதும் அந்தப் பழக்கம் நின்னுபோச்சு. 2008 டிசம்பர் 6, ரோஸ் பவுல்ல கோச் பீட் கேரல் வேணும்னே யூ.எஸ்.சி.யை கார்டினல் சிவப்புல இறக்கினார். அன்னைய விதிப்படி அபராதம் ஒரு டைம்அவுட். யூ.சி.எல்.ஏ. கோச் ரிக் நியூஹைசல் உடனே தன் பக்கம் ஒரு டைம்அவுட் எடுத்து கணக்கை சமப்படுத்திட்டார். எதிரணி கோச்சே இதுக்கு சம்மதம்னு சொல்ல அதைவிட அழகான வழி இல்லை. ஆட்டம் 28-7, யூ.எஸ்.சி. ஜெயிச்சுது. அடுத்த வருஷமே ரெண்டு அணியும் ஒத்துக்கிட்டா கலருக்குக் கலர் ஆடலாம்னு விதியை மாத்தினாங்க.

ப்ளூடர்ஃப்

விதிப்புத்தகத்தைவிட கான்ஃபரன்ஸ் அரசியல் மோசம். பாய்சி ஸ்டேட் 1986லருந்து நீலத் தரையில ஆடறாங்க. 2011ல மவுன்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸ்ல சேரும்போது ஒரு நிபந்தனை: கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள்ல சொந்த மைதானத்துல முழு நீலம் போடக்கூடாது. மேல நீலம், கீழ நீலம், தரையும் நீலம், ஆள் எங்க நிக்கறான்னே தெரியலைன்னு எதிரணிகள் புலம்பல். பாய்சி பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸுக்குப் போறேன்னு கிளம்பி, பிறகு இங்கயே இருக்கேன்னு பேரம் பேசினப்பதான் அந்தத் தடை போச்சு. நியாயம் எடுபடலை, பேரம் எடுபட்டுச்சு.

2013ல என்.சி.ஏ.ஏ. விதிக்குழுவே "ஜெர்சியோ பேன்ட்டோ ஏதாவது ஒண்ணு தரை நிறத்துலருந்து வேறுபடணும்"னு ஒரு முன்மொழிவு வச்சுது. மேல்மட்டத்துல அதை ஏத்துக்கலை. நல்ல வேளை. அதை அப்படியே படிச்சா பச்சைத் தரையில முழுப் பச்சை போடற அணிகளுக்கும் சிக்கல்.

வரிச்சட்டை

அந்த வருஷம் தேறி வந்த இன்னொரு மாற்றம்தான் முக்கியம், அதைப் பத்தி ரசிகர்கள் பேசறதே இல்லை. எண்ணோட நிறம் ஜெர்சி நிறத்துலருந்து தெளிவா வேறுபடணும், சுத்தி இருக்கற பார்டரை கணக்குல எடுத்துக்கக் கூடாது. கறுப்பு ஜெர்சியில அடர் சாம்பல் எண் போட்டு, ஓரத்துல மெல்லிசா வெள்ளைக் கோடு இழுத்துட்டு "தெரியுதே"ன்னு வாதாடற கதைக்கு அதோட முற்றுப்புள்ளி.

அளவும் உண்டு. முன்பக்க எண் குறைஞ்சது 8 அங்குல உயரம், முதுகுல 10 அங்குலம், எண்ணோட கோடு சுமார் ஒண்ணரை அங்குல அகலம். ஜெர்சி ஷோல்டர் பேடுக்கு மேல இழுத்து மாட்டும்போது துணி பக்கவாட்டுல விரியும். வரைபடத்துல தடிமனா தெரியற 8, உடம்புல ஏறினதும் வயிறு உப்பி 0 மாதிரி தெரியும். கோணல் மாணலான எழுத்துருவுல 3, 8, 9 மூணும் மேல ப்ரெஸ் பாக்ஸ்லருந்து பார்த்தா ஒண்ணுதான்.

கரிநிறம்

எண் தெரியணும், சரி. ஆனா "ஆல்டர்னேட்"னாலே (வழக்கமானதுக்குப் பதிலா போடற சிறப்புச் சீருடை) முகம் சுளிக்கறவங்க ஒண்ணு யோசிக்கணும். இது ரசிகருக்காகப் போடறதில்லை, எந்தக் காலேஜ்ல ஆடலாம்னு யோசிக்கற 17 வயசுப் பையனுக்காகப் போடறது. 2011 செப்டம்பர் 5 மேரிலாண்ட் மாநிலக் கொடியை ஹெல்மெட்லயும் தோள்லயும் போட்டு மயாமிக்கு எதிரா இறங்கினாங்க. பாதிப் பேர் கேலி பண்ணாங்க, ஆனா அன்னைக்கு ராத்திரி ஊரெல்லாம் மேரிலாண்ட் பேச்சுதான். 2012 ரோஸ் பவுல் ஆட்டத்துல ஆரிகன் கண்ணாடி மாதிரி மின்னற ஹெல்மெட்டோட வந்து விஸ்கான்சினை 45-38னு ஜெயிச்சாங்க. அதைப் பார்த்துட்டு எத்தனை அணி க்ரோம் பின்னாடி ஓடுச்சுன்னு எண்ணிப் பாருங்க.

மரபுன்னு சொல்றதும் ஒரு காலத்துல புதுசுதான். மிச்சிகன் ஹெல்மெட்ல இருக்கற சிறகு 1938ல ஃப்ரிட்ஸ் க்ரைஸ்லர் ப்ரின்ஸ்டன்லருந்து கொண்டுவந்தது. ஐயோவா சீருடை 1979ல ஹேடன் ஃப்ரை பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ்கிட்ட கேட்டு வாங்கின சாயல். இன்னைக்கு அதுல ஒரு கோட்டை மாத்தினா ஐயோவா சிட்டியில கலவரம்.

மூன்றாம்_காலாண்டு

ஒத்துக்கறேன், ஆனா வித்தியாசம் இருக்கு. 1977 அக்டோபர் 22 நாட்டர் டேம் நீலத்துல வார்ம்அப் பண்ணிட்டு உள்ள போனா லாக்கர்ல பச்சை ஜெர்சி தொங்குது. அந்தப் பச்சையோட வெளிய வந்து யூ.எஸ்.சி.யை 49-19னு அடிச்சாங்க. அது வேலை செஞ்சதுக்குக் காரணம் யாருக்கும் முன்னாடி தெரியாது, அடிக்கடி நடக்காது. ஜார்ஜியாவும் பாருங்க: 2007ல ஆபர்னுக்கு எதிரா கறுப்பு, 45-20. அடுத்த வருஷம் அலபாமாவுக்கு எதிரா அதே கறுப்பு, பாதி ஆட்டத்துல 31-0 பின்னாடி. ஒரு வருஷத்துக்குள்ள மந்திரம் தீர்ந்துபோச்சு. வருஷத்துக்கு நாலு "ஸ்பெஷல்" போடற அணிக்கு எதுதான் ஸ்பெஷல்?

ஹெல்மெட்_அலமாரி

ரசிகர்கள் திட்டறதுல பாதி வடிவமைப்புக் குறையே இல்லை, உற்பத்திக் குறை. "எங்க தங்க நிறம் மூணு விதமா இருக்கு"ங்கறதுதான் அடிக்கடி வர்ற புகார். ஏன் அப்படின்னா:

ஹெல்மெட் பிளாஸ்டிக் மேல பெயின்ட். பேன்ட் நல்லா இழுபடற பளபளப்பான துணி. ஜெர்சி ஓட்டை ஓட்டையான மெஷ், எண் அதுமேல தைச்ச ட்வில் துணி இல்லன்னா சூட்டுல அழுத்தின படலம். ஒரே நிற எண்ணைக் கொடுத்தாலும் நாலு பொருளும் நாலு விதமா வெளிச்சத்தைத் திருப்பும். டெக்சாஸ் பர்ன்ட் ஆரஞ்சு பான்டோன் (நிறங்களுக்கு எண் கொடுக்கற அட்டவணை) 159, டென்னசி ஆரஞ்சு 151. காகிதத்துல எண் கச்சிதம். ஆனா சாயத் தொட்டியில நைலானும் பாலியஸ்டரும் ஒரே அளவு குடிக்காது. ஃபேக்டரி வெளிச்சத்துல ஒத்துப்போன ரெண்டு துணி மதிய வெயில்ல பிரிஞ்சு தெரியும், ராத்திரி எல்.இ.டி. விளக்குல இன்னும் மோசம். மஞ்சளும் தங்கமும்தான் இதுல பெரிய தலைவலி. கறுப்பு, வெள்ளைல யாருக்கும் தெரியாது. அணிகள் கறுப்பு ஆல்டர்னேட் பக்கம் ஓடறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கறேன்.

சரி பார்க்கறது எப்படி? சாம்பிள் வந்ததும் ஹெல்மெட் ஷெல் (வெளி ஓடு), பேன்ட் துணி, ஜெர்சி துணி, எண் ட்வில் நாலையும் ஒண்ணாப் பக்கத்துல வச்சு வெயில்ல ஒரு தடவை, ஸ்டேடிய விளக்குல ஒரு தடவை, அப்புறம் துணியை நனைச்சு ஒரு தடவை பார்க்கணும். நனைக்கறதைத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க. வேர்வையில வெளிர் சாம்பல் திட்டுத்திட்டா கறுத்துப்போகும். கேட்டலாக் படத்துல அழகா இருந்த சாம்பல் ஜெர்சி முதல் கால்மணி நேரத்துலயே எண்ணெய்த் துணி மாதிரி ஆகறது அதனாலதான்.

ஹெல்மெட் தனிக் கதை. ப்ரொஃபஷனல் லீக்கான என்.எஃப்.எல்.ல 2013லருந்து 2021 வரைக்கும் ஒரு வீரருக்கு ஒரே ஷெல்தான்னு விதி இருந்துச்சு, 2022லதான் ரெண்டாவதுக்கு அனுமதி. காலேஜ்ல அந்தத் தடை இல்லை, அதனாலதான் வாரத்துக்கு ஒரு ஹெல்மெட். ஆனா ரெண்டாவது ஷெல்னா வெறும் பெயின்ட் மட்டும் இல்லை. உள் பேடிங், காற்றுப் பை, சின் ஸ்ட்ராப், அவர் பழகின அதே மாடல் ஃபேஸ்மாஸ்க், எல்லாத்தையும் ஒவ்வொருத்தர் தலைக்கும் மறுபடி பொருத்தணும். க்வார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்தறவர்) "இது வேற மாதிரி உக்காருது"ன்னு சொன்னா அந்த வாரம் திட்டம் காலி. 2024லருந்து ஒரு வீரருக்கு ஹெல்மெட்ல கோச் பேசறதைக் கேக்க ரேடியோ, பின்னாடி பச்சைப் புள்ளி. அந்த ஸ்பீக்கரும் புது ஷெல்லுக்கு மாறணும்.

இன்னொரு தப்பு, பழைய டெக்கல் (ஒட்டுப்படம்) பசையை எடுக்க கைக்குக் கிடைச்ச தின்னரை ஊத்தறது. பாலிகார்பனேட் ஷெல்லுல கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும், அப்புறம் அந்த ஹெல்மெட்டை நம்பவே முடியாது. லேசா சூடு காட்டி டெக்கலை உரிச்சு, தயாரிச்ச கம்பெனி அனுமதிச்ச திரவத்தால மட்டும் துடைக்கணும். பெயின்ட்டுக்கும் இதே கட்டுப்பாடுதான்.

பேயூ_ஊதா

அருமை. ஒரு செட் சீருடைன்னா எத்தனை பீஸ்? எத்தனை நாள் முன்னாடி ஆர்டர் போவாங்க?

ஹெல்மெட்_அலமாரி

2025லருந்து ரோஸ்டர் (அணிப் பட்டியல்) 105 பேர். ஆளுக்கு ஒரு ஜெர்சின்னு 105ல நிறுத்த முடியாது. கிழியும், ரத்தம் படும். ரத்தம் ஊறின சட்டையோட ஆளை ஆட விடமாட்டாங்க. முக்கியமான ஆட்களுக்கு அதே எண்ணுல ரெண்டாவது, பெரிய சைஸ்ல யாருக்கும் கொடுக்காத எண்கள்ல சில உபரி. உபரி ஜெர்சிக்கு மாறினா ரெஃப்ரிகிட்ட சொல்லணும், அவர் அறிவிப்பார். சொல்லாம நுழைஞ்சா அபராதம். அஃபென்ஸ் (பந்து வச்சு ஆடற பக்கம்) லைன்மேனுக்கு உபரி எடுத்து வைக்கும்போது 50லருந்து 79க்குள்ள இருக்கணும். யாரும் யோசிக்காம 84ஐ எடுத்து வச்சா அந்த ஜெர்சியால பிரயோஜனம் இல்லை.

நாள் கணக்கு: தனி வடிவமைப்பு ஆல்டர்னேட்னா ஒரு வருஷத்துக்கு மேலயே பேச்சு ஆரம்பிக்கும். கோச் மாறினதும் "ஏன் இன்னும் அந்த அசிங்கமான சாம்பலைப் போடறாங்க"ன்னு கேக்கறவங்களுக்கு இதுதான் பதில். அது பழைய கோச் ஆர்டர் பண்ணது.

பழைய_ராயல்

ரசிகர் கத்தினா ஒண்ணும் நடக்காதுன்னு நினைக்காதீங்க, நடக்கும். ஆனா ரொம்ப நாள் ஆகும். பிட் (பிட்ஸ்பர்க் யுனிவர்சிட்டி) 1997ல ராயல் ப்ளூவையும் மஞ்சளையும் தூக்கிட்டு அடர் நீலமும் மங்கின தங்கமுமா மாறினாங்க. டோனி டோர்செட் 1976ல பட்டம் ஜெயிச்சது அந்தப் பழைய நிறத்துல. ரசிகர்கள் விடலை. 2014ல ஒரு த்ரோபேக் (பழைய பாணி சீருடை), 2016ல ஸ்க்ரிப்ட் எழுத்து திரும்பி வந்துச்சு, 2019ல நிறமே முழுசா திரும்பி வந்துச்சு. 22 வருஷம். இதுல கவனிக்க வேண்டியது, ஹெல்மெட், பேன்ட் மட்டும் இல்லாம எல்லா விளையாட்டுக்கும் ஒரேயடியா மாத்தினாங்க. பாதி மாத்தியிருந்தா அலமாரி சொன்ன மூணு தங்கக் கதை நாலு தங்கமா ஆகியிருக்கும்.

கரிநிறம்

முதுகுல பேர் போடாத அணிகளைப் பத்தி யாரும் பேசலையே. பென் ஸ்டேட் 2012ல பேர் போட்டாங்க, 2015ல எடுத்துட்டாங்க. யூ.எஸ்.சி.யும் போடறதில்லை. புதுசா ஆட்டம் பார்க்க வர்றவனுக்கு எவன் எவன்னு எப்படித் தெரியும்?

வரிச்சட்டை

2012ல பேர் வந்த சூழ்நிலை வேற. முன்னாள் உதவி கோச்சோட பாலியல் குற்ற விவகாரத்துல பள்ளியே உடைஞ்சு கிடந்தப்ப நிலைச்சு நின்ன வீரர்களுக்குக் கொடுத்த மரியாதை அது. அதனால அதை மரபு மீறல்னு சொல்ல மாட்டேன், எடுத்ததையும் தப்புன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா நடைமுறையில உங்க கேள்வி நியாயம்தான். ஒரே எண்ணை ரெண்டு பேர் வரைக்கும் வச்சுக்கலாம், ஒரே நேரத்துல ரெண்டு பேரும் களத்துல இருக்கக்கூடாது. 2020லருந்து 0 வந்தும் நெருக்கடி தீரலை. எல்லாப் பையனுக்கும் ஒத்தை இலக்கம்தான் வேணும். டிஃபென்ஸ்ல ஒரு 5, அஃபென்ஸ்ல ஒரு 5. ரெண்டும் பன்ட் ரிட்டர்ன் யூனிட்ல (எதிரணி உதைச்ச பந்தை வாங்கி ஓடற குழு) ஒண்ணா மாட்டிக்கிட்டா அபராதக் கொடி விழும். பேர் இல்லாத ஜெர்சியில இதை மேலருந்து பார்த்து சொல்றது இன்னும் கஷ்டம்.

ப்ளூடர்ஃப்

முழங்காலை விட்டுட்டீங்களே. 2018லருந்து பேன்ட்டும் முழங்கால் பேடும் முழங்காலை மூடணும், இல்லன்னா ஒரு ப்ளே வெளிய நிக்கணும். டிவியில பாதிப் பேர் சைக்கிள் ஷார்ட்ஸ் போட்ட மாதிரி ஓடறாங்க, ஒரு ரெஃப்ரியும் கண்டுக்கறதில்லை. நிறத்துக்கு 15 யார்டு, முழங்காலுக்குக் கண்ணை மூடிக்கறது. என்ன கணக்கோ.

வரிச்சட்டை

அதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்லை. நிறம் கிக்ஆஃப்ல ஒரே பார்வையில தெரியும். முழங்கால்னா 22 பேரை ஒவ்வொரு ப்ளேக்கும் குனிஞ்சு பார்க்கணும், ஓடும்போது பேன்ட் மேல ஏறிடுச்சும்பான்.

பேயூ_ஊதா

அப்போ கடைசியா ஒண்ணு. செப்டம்பர் மதிய வெயில்ல ஹோம் டீம் வெள்ளை போட்டு விசிட்டிங் டீமை கலர்ல வேக விடறாங்கன்னு சொல்றாங்களே, அது நிஜமா? ஜார்ஜியா டெக்கும் ஹோம்ல வெள்ளைதானே. ஊதா வேண்டாம்னு சொல்லணும்னா யாருக்கு எழுதறது?

ஹெல்மெட்_அலமாரி

வெயில் கணக்கும் உண்டு. அடர் நிறத் துணி சூட்டை வாங்கும், அதை எந்த கோச்சும் மறுக்க மாட்டார். பேடுக்கு மேல இருக்கற மெஷ் ஜெர்சியில அது எவ்வளவு வித்தியாசம் பண்ணும்ங்கறதுதான் விவாதம். ஹெல்மெட்டும் பேடும் கொடுக்கற சூடு அதைவிடப் பெருசு. ராத்திரி ஏழு மணி ஆட்டத்துல அந்த லாபமும் இல்லை.

எழுதணும்னா அத்லெட்டிக் டிபார்ட்மென்ட்டுக்கு, எந்த ஆட்டம்னு தேதி போட்டு எழுதுங்க. "எப்பவும் வெள்ளை"ன்னு பொதுவா எழுதினா குப்பைக்குப் போகும். "இந்த எதிரணிகிட்ட சம்மதம் கேளுங்க"ன்னு எழுதினா யாராவது ஒருத்தர் படிப்பார். ஆகஸ்ட்ல எழுதாதீங்க, அப்போ ஜெர்சி எல்லாம் மடிச்சு அலமாரிக்குள்ள போயிருக்கும்.

மூன்றாம்_காலாண்டு

மாட்டேன்னு சொல்ற அணி வந்தா தங்க ஜெர்சியை தூசி தட்டச் சொல்லுங்க.